கலப்பு வகைச் செவித்திறன் குறைபாடு என்றால் என்ன? அறுவை சிகிச்சையால் முழுமையாகச் சரியாகுமா?

தந்தையின் பரிசோதனை அறிக்கையில் ‘கலப்பு வகை’ என்று எழுதியிருப்பதாகவும், அறுவை சிகிச்சை செய்தால் முழுமையாகக் கேட்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முழுமையாகச் சரியாக வாய்ப்பில்லை. ஒரு பகுதி சரியாகக்கூடும். அந்தப் பகுதி எவ்வளவு என்பதை உங்கள் கையிலுள்ள ஆடியோகிராமே (செவித்திறன் பரிசோதனையின் வரைபடம்) பெருமளவு காட்டிவிடும். செவித்திறன் பரிசோதனையைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் அதைப் படிக்கும் முறையை விளக்குகிறேன்.

ஒலி செவிப்பறையை அதிரச் செய்து, சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகளின் வழியாக உட்செவியில் ஒலியை உணரும் நத்தை வடிவ உறுப்பான காக்ளியாவை அடைகிறது. இந்தப் பாதையில் குறும்பி அடைத்தாலோ, செவிப்பறையில் துளை விழுந்தாலோ, நடுச்செவியில் நீர் கோத்தாலோ, அங்கவடி எலும்பு அசையாமல் இறுகிப்போனாலோ ஏற்படுவது கடத்தல் வகைக் குறைபாடு. காக்ளியாவின் மயிர் செல்களோ செவி நரம்போ பழுதடைவதால் ஏற்படுவது உணர்நரம்பு வகை. முதுமை, நெடுநாள் இரைச்சல், ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள், மரபுக் காரணங்கள் ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன. இரண்டும் ஒரே காதில் சேர்ந்திருந்தால் அது கலப்பு வகை. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளாகச் சீழ் வடியும் காதில் அழற்சி உட்செவியையும் பாதிக்கக்கூடும். முதுமையால் ஏற்கெனவே செவித்திறன் குறைந்தவருக்குக் குறும்பி அடைத்துக்கொண்டாலும் அறிக்கையில் ‘கலப்பு’ என்றே வரும். ஆகவே குறும்பி இருந்தால் அதை அகற்றிவிட்டு மறுபடி சோதிக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இனி ஆடியோகிராமுக்கு வருவோம். காதொலிப்பான் மூலம் ஒலியைச் செலுத்திக் கண்டறிவது காற்றுவழி அளவு. வலது காதுக்கு வட்டமும் இடது காதுக்குப் பெருக்கல் குறியும் இட்டிருப்பார்கள். காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்து, நடுச்செவியைப் பெரும்பாலும் தவிர்த்து, உட்செவியை நேரடியாகச் சோதிப்பது எலும்புவழி அளவு. அதன் குறிகள் அடைப்புக்குறிகளைப் போலிருக்கும். கடத்தல் வகையில் எலும்புவழி இயல்பாக இருக்க, காற்றுவழி மட்டும் குறைந்திருக்கும். உணர்நரம்பு வகையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருக்கும். கலப்பு வகையில் இரண்டும் குறைந்திருப்பதோடு, அவற்றுக்கிடையே 10 டெசிபெலுக்கு மேற்பட்ட இடைவெளியும் காணப்படும். உதாரணமாக, எலும்புவழி 35, காற்றுவழி 70 டெசிபெல் என்றால் (எண் கூடக் கூடக் குறைபாடும் அதிகம்) இடைவெளி 35. அறுவை சிகிச்சையால் நிரப்ப முயல்வது இந்த இடைவெளியை மட்டுமே. மிகச் சிறப்பாக அமைந்தாலும் உட்செவியின் 35 டெசிபெல் குறை அப்படியே நிற்கும். அங்கவடி இறுகும் நோயில் மட்டும் 2000 ஹெர்ட்ஸ் அருகே எலும்புவழிக் கோடு உண்மையைவிட மோசமாகத் தோன்றி, அறுவை சிகிச்சைக்குப் பின் சற்று மேம்படுவதுண்டு.

எண்களைவிட நான் முக்கியமாகக் கருதுவது பேச்சுப் புரிதல் சோதனை. கடத்தல் வகை மட்டும் உள்ளவருக்குச் சத்தத்தைக் கூட்டினால் சொற்கள் தெளிவாகிவிடும். உட்செவிப் பழுது உள்ளவரோ ‘கேட்கிறது, புரியவில்லை’ என்பார், சத்தம் ஓரளவைத் தாண்டினால் எரிச்சலும் அடைவார். இடைவெளி பெரிதாகவும் பேச்சுப் புரிதல் நன்றாகவும் இருந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றிக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பேசுவது பொருத்தம். இடைவெளி சிறிதாக இருந்தால் காது கேட்க உதவும் கருவியே போதும் என்பது என் கருத்து. ஓயாமல் சீழ் வடிவதால் காதுக்குள் கருவி பொருத்த இயலாதவருக்கு, எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் கருவிகள் உண்டு. எலும்புவழிக் கேட்கும் திறன் மிகவும் குறைந்துவிட்டால் அவை போதாது. சீழ் வடிதல் இருந்தால், கேட்கும் திறனைப் பற்றி யோசிக்கும் முன்பே கொலஸ்டீட்டோமா (நடுச்செவியில் தோல் செல்கள் திரண்டு எலும்பை அரிக்கும் வளர்ச்சி) இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஏற்கெனவே குறை உள்ள காதில் ஓரிரு நாளில் திடீரென இன்னும் கேட்காமல் போனால் ‘பழைய அடைப்புதான்’ என்று விட்டுவிடாதீர்கள். அது உட்செவியின் திடீர்ப் பழுதாக இருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாள்களுக்குள் தொடங்குவதே பலன் தர வாய்ப்புள்ளது என்பதால், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.