திருகோணமலையில் வீட்டுத் தோட்டத்தை எந்த மாதத்தில் தொடங்குவது? பூ, மரக்கறி, புல்தரை மூன்றும் சரிவருமா?

கண்டியிலிருந்து உப்புவெளிக்கு மாறி வந்திருப்பதாகவும், வீட்டுக்கு முன்னால் மணல் வளவும் ஒரு கிணறும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சித்திரையில் தொடங்கலாம் என்று யாரோ சொன்னதாகவும் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: சித்திரை வேண்டாம், ஆவணியில் தொடங்குங்கள். நான் வளர்ந்ததும் இப்போது தோட்டம் செய்வதும் இந்தக் கடற்கரை மணலில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்டியில் இரண்டு பருவமழையும் கிடைக்கும். இங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 1500 தொடக்கம் 1600 மில்லிமீற்றர் பெய்கிறது, ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு எங்களிடம் கச்சான் என்கிற வறண்ட காற்றாக வந்து சேரும். ஜூன் மாத மழை சராசரியாக 30 மில்லிமீற்றரைக்கூட எட்டாது. சித்திரையில் நட்ட கன்று வேர் பிடித்து நிமிரும் நேரத்தில் கச்சான் அடிக்கத் தொடங்கும். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் மணலில் இருக்காது. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத் தோட்டம் செய்யச் சொன்னது நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையிலும் ஆசையோடு நட்டார்கள். தெற்கே அது மழைக்காலம், இங்கே கச்சானின் உச்சம். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற முடிந்தவர்களுடைய கன்றுகள்தான் தப்பின.

ஆவணியில் செய்ய வேண்டியது நடுகை இல்லை, மண் வேலை. உங்கள் வளவில் ஒரு பிடி மணலை நனைத்துக் கையில் இறுக்கிப் பாருங்கள். விரலை விரித்ததும் உதிர்ந்துவிடும். அதில் தண்ணீரும் நிற்காது, பசளையும் நிற்காது. எனவே பாத்தி போடும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டையைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். தென்னைக்குச் செய்கிற அதே வேலைதான். தும்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உக்கிப்போகச் சில வருடங்கள் எடுக்கும். அதற்கு மேல் காய்ந்த இலை, கிளிசரியாத் தழை, பழைய மாட்டெரு அல்லது ஆட்டெரு, கொஞ்சம் சாம்பல், பிறகு மணல், திரும்பவும் எரு என்று நிரப்புங்கள். குளத்து வண்டல் கிடைத்தால் விடாதீர்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு உழவு இயந்திரப் பெட்டி மண் கேட்டுப் பாருங்கள். மணலோடு களி கலந்தால் பாத்தியே வேறு மாதிரி ஆகிவிடும். வெட்டிய கிடங்கை நிரப்பி, மேலே கிடுகு போட்டு மூடி, வாரத்துக்கு இரண்டு தடவை நனைத்தால் போதும். புரட்டாதி முடியும்போது நடக்கூடிய மண்ணாக இருக்கும்.

அதே நேரத்தில் நாற்றும் வளரட்டும். மிளகாய், கத்தரி விதையை ஆவணிக் கடைசியில் தட்டுகளில் போட்டுக் கிடுகு நிழலில் வையுங்கள். நான்கு, ஐந்து கிழமையில் முதல் மழை விழும், நாற்றும் தயாராகும். ஐப்பசி மழையோடு கத்தரி, மிளகாய், வெண்டி, பூசணி, வற்றாளை, கீரை எல்லாவற்றையும் நடலாம். பாத்தி அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மணல்தானே, தண்ணீர் நிற்காது என்று நினைப்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் ஏறி, கிணற்றுத் தண்ணீரைக் கையால் எட்டித் தொடுகிற அளவுக்கு வந்துவிடும். அப்போது தாழ்ந்த பாத்தியில் வேர் அழுகும். அந்த மாதங்களில் மொத்தமாகப் பசளை போட வேண்டாம். பெருமழை அதை அடியோடு கழுவிக்கொண்டு போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை போடுங்கள். ஆபிரிக்க நத்தையும் அப்போதுதான் வரும். இருட்டிய பிறகு லைற் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் நம்பகமான வழி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தக்காளியை மட்டும் பிந்தி நடுங்கள். ஐப்பசியில் நட்டால் பூக்கும் நேரம் அடைமழை, காய்க்கும் நேரம் அழுகல். மார்கழியில் நட்டால் மாசி, பங்குனியில் நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் கிடைக்கும். பயற்றை, புடல், பாகலுக்கும் தை மாதம் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், நிலத்தில் ஈரம் இருக்கும், பந்தலும் காற்றில் சாயாது. சித்திரையில் இடையிடையே விழும் மழையை நம்பி வெண்டியோ வெள்ளரியோ ஒரு சின்னப் பாத்தியில் போடலாம், அவ்வளவுதான். முருங்கை நட்டிருந்தால் புரட்டாதிக்குள் கொம்புகளை வெட்டிக் குறுக்கிவிடுங்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியபோது, உயரமாக விட்ட முருங்கைகளும் பப்பாசிகளும்தான் முதலில் முறிந்தன.

மிளகாய் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மழை விட்டதும் எல்லோரும் கேட்பது இலைச்சுருளைப் பற்றித்தான். இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்திருந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை ஒடுங்கியிருந்தால் சிற்றுண்ணி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. இரண்டும் வேறு வேறு என்பதால் கடையில் மருந்து கேட்கும்போது சரியாகச் சொல்லுங்கள். பூச்சிக்கு அடிக்கிற மருந்து பல நேரம் சிற்றுண்ணிக்கு ஏறாது. ஆரம்பத்திலேயே கண்டால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து, பின்னேரம் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். சந்தேகமிருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

பூவுக்கு வருவோம். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. மலைநாட்டில் பார்த்த பூக்களை இங்கே தேடாதீர்கள். அரளி, போகன்வில்லா, நித்தியகல்யாணி, செவ்வரத்தை, நந்தியாவட்டை இவை இந்தக் காற்றுக்குப் பழகியவை. அரளி முழுவதும் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டாத மூலையில் வையுங்கள். போகன்வில்லா காயக் காயத்தான் பூக்கும், அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் இலைதான் மிஞ்சும். மல்லிகையைத் தை மாதம் மழை முடிந்ததும் கவ்வாத்துப் பண்ணி எரு வையுங்கள், பங்குனியிலிருந்து மொட்டு வரும். தைப்பொங்கலுக்குச் செவ்வந்தி வேண்டுமென்றால் ஐப்பசியில் போட வேண்டும்.

நடுவதற்கு முன் வேலி. உப்புவெளிப் பக்கம் கட்டாக்காலி மாடுகள் ஒரு இரவில் முழுப் பாத்தியையும் முடித்துவிடும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு மான் தொல்லை. கோட்டையிலிருந்து புள்ளிமான்கள் வீதிக்கும் வீட்டுக்கும் வந்துபோகும், செவ்வரத்தைத் தளிரென்றால் விடாது. அவற்றை விரட்டிக் காயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆறடி உயர வலையடித்தால் உள்ளே வராது.

கடைசியாகப் புல். நீங்கள் கேட்ட மூன்றில் இதற்குத்தான் நான் தயங்குகிறேன். மலேசியன் புல் நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு உரியது. கச்சான் காலத்தில் ஒரு சதுர மீற்றர் புல்லைப் பச்சையாக வைத்திருக்க நாளைக்கு 5 லீற்றர் அளவில் தண்ணீர் வேண்டும். பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் முற்றமென்றால் 500 லீற்றர், அதுவும் கிணறு வற்றுகிற மாதங்களில். கடற்கரைக் கிணற்றில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அதிகம் இறைத்தால் அடியிலிருந்து உவர் மேலேறும். மரக்கறி இலைகளின் ஓரம் கருகினால் அது ஒரு அறிகுறி. ஒரு முறை உவர் ஏறினால் உங்கள் கிணறு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும்.

ஆகவே முற்றத்தின் பெரும்பகுதியைப் பழைய வீடுகளில் போல வெறும் மணலாகவே விட்டுக் கூட்டி வைத்திருங்கள். பிள்ளைகள் விளையாடக் கொஞ்சம் பச்சை வேண்டுமென்றால் அறுகம்புல் வையுங்கள். உப்பையும் வெயிலையும் அது தாங்கும். ஐப்பசி மழையில் கொடித் துண்டுகளை அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் தைக்குள் மூடிவிடும். ஒன்றரை, இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். ஆனியில் பழுப்பாகும், பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுத்த மழைக்குத் தானே துளிர்க்கும். ஆனால் மரக்கறிப் பாத்திக்குள் புகுந்தால் பிறகு கிண்டி எடுக்க முடியாது. அதனால் புல்லுக்கும் பாத்திக்கும் நடுவே அரை அடி ஆழத்துக்குச் செங்கல் புதைத்துவிட்டே நடுங்கள்.