ஜெம் டெண்டரில் இஎம்டி காரணம் காட்டி நிராகரிப்பு

வணக்கம். கோவையில் எல்இடி தெருவிளக்கு நீங்களே தயாரித்தும், உத்யம் சான்று (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) இணைத்தும், "இஎம்டி (டெண்டருக்கான முன்வைப்புத் தொகை) கட்டவில்லை" என்று ஜெம் (அரசுக் கொள்முதல் இணையதளம்) வழியான ரயில்வே டெண்டரில் தள்ளிவிட்டார்கள் என்கிறீர்கள். சான்று இருந்தால் மட்டும் போதாது. அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

உத்யம் சான்றில் "முதன்மைச் செயல்பாடு" என்ற இடத்தையும் கீழே உள்ள என்ஐசி குறியீடுகளையும் (தொழில் வகையைக் காட்டும் எண்கள்) பாருங்கள். 46, 47 என்று தொடங்கினால் அது வணிகம். மின்சாதன உற்பத்தி 27-இல் தொடங்கும். பதிவு செய்துகொடுக்கும் சென்டர்களில் பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். வணிகர்களுக்கு இஎம்டி விலக்கும் கிடையாது, கொள்முதல் முன்னுரிமையும் கிடையாது. உத்யம் தளத்திலேயே இலவசமாகத் திருத்தலாம், ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிறகு ஜெம் புரொஃபைலிலும் புதுப்பியுங்கள். அங்கே பொருளை ரீசெல்லராகப் போட்டிருந்தால் திருத்தியும் பயனில்லை.

இந்த முன்னுரிமையில் நீங்கள் இழந்தது பெரிது. எல்-1 விலை (டெண்டரில் வந்த மிகக் குறைந்த விலை) 4,00,000 ரூபாய் என்றால், 4,60,000 வரை (15%) கேட்ட குறு, சிறு உற்பத்தியாளர் எல்-1 விலைக்கு இறங்கி வந்து ஆர்டரில் 25% வரை வாங்கலாம். நீங்கள் கேட்டது 4,48,000. ஆர்டரைப் பிரிக்க முடியாதென்றால் முழுதுமே கிடைக்க வாய்ப்புண்டு. பிட் ஆவணத்தில் எல்-1-க்கு மேல் எத்தனை சதவீதம் வரை என்று பார்த்துவிட்டு விலை போடுங்கள்.

ஒன்று மட்டும்: இஎம்டி விலக்கு இருந்தாலும், ஆர்டர் கிடைத்தபின் கேட்கும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டிக்கு (ஆர்டரைச் சரியாக முடிப்பதற்கான உத்தரவாதம்) விலக்கில்லை. வங்கியில் இப்போதே பேசி வையுங்கள்.