கார்டிகன் பிரபுவின் துணிச்சல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரிமியப் போரில் பிரிட்டிஷ் குதிரைப்படைத் தளபதியாக இருந்த கார்டிகன் பிரபுவைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பு மிகக் கடுமையாக இருந்தது. காசு கொடுத்துப் பதவி வாங்கியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் கிரிமியாவின் பாலக்லாவா போரில் படைக்கு முன்னால் தனியாகக் குதிரையில் போனவரும் அவர்தானே? அந்தத் துணிச்சலுக்கு மதிப்பே இல்லையா?

ர.

அன்புள்ள ர.,

அவர் துணிச்சலை நான் ஒருபோதும் சந்தேகிக்கவில்லை. 1854 அக்டோபர் 25 அன்று, மூன்று பக்கமும் ரஷ்யப் பீரங்கிகள் நின்ற பள்ளத்தாக்குக்குள் ஏறக்குறைய 670 குதிரைவீரர்களுக்கு முன்னால் போனார். வயது 57. பீரங்கிகளைத் தாக்கச் சொல்லி வந்த கட்டளையின் ஆபத்து தெரிந்து, மேலதிகாரியும் மைத்துனருமான லூக்கன் பிரபுவிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பீரங்கிகளைத் தாண்டியபின் என்ன செய்தார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. திரும்பி வந்துவிட்டார். சிப்பாய்களுக்கு நடுவே வாள் வீசுவது தளபதியின் வேலையல்ல என்று நினைத்தார். இருக்கட்டும், புகையில் சிதறிக் கிடந்தவர்களைத் திரட்டி வெளியே கொண்டுவருவது யார் வேலை? அதைச் செய்தவர்கள் ஜார்ஜ் பேஜெட் போன்ற கீழதிகாரிகள். சுமார் 110 பேர் செத்தார்கள். அந்தப் போர்க்காலத்தில் வீரர்கள் கூடாரங்களில் கிடக்க, அவர் இரவில் தூங்கியது துறைமுகத்தில் நின்ற தன் சொந்த உல்லாசப் படகில்.

இப்படிப்பட்டவர் தளபதியானது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். கீழதிகாரி ஒருவரைக் கொடுமைப்படுத்திய விவகாரத்தில் 1834இல் ஒரு ரெஜிமென்ட்டின், அதாவது படைப்பிரிவின், தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பதவிகளை அன்று காசு கொடுத்து வாங்கலாம்; இரண்டே வருடத்தில் இன்னொரு ரெஜிமென்டின் தலைமையை விலைக்கு வாங்கினார். 40,000 பவுண்டு என்று அக்காலத்தில் பேச்சு. அது அப்போது இந்தியாவில் இருந்த படை, பரத்பூர் முற்றுகையில் போரிட்ட படை. அதுவரை போர்க்களத்தையே பார்க்காத கார்டிகன், இந்தியாவில் பணியாற்றிய அதிகாரிகளை மட்டமாக நடத்தினார். 1840இல் அவர்களில் ஒருவரான கேப்டன் ரெனால்ட்ஸ் விருந்தினருக்காக ஒயின் கேட்க, அது பீர் புட்டி போலத் தெரிந்த கறுப்புப் புட்டியிலேயே மேசைக்கு வந்தது. அதிகாரிகளின் உணவுக்கூடமான மெஸ்ஸில் பீர் குடிப்பதாகச் சொல்லி அதைப் பெரிய குற்றமாக்கி, கடைசியில் அவரைக் கைதும் செய்தார் கார்டிகன்.

துணிச்சல் பாலக்லாவாவில் போன சாதாரணச் சிப்பாய்க்கும் இருந்தது. அவனிடம் இல்லாதது பணம். தளபதியிடம் நான் எதிர்பார்ப்பது தன் ஆட்கள் மீதான பொறுப்பு. அது கார்டிகனிடம் இல்லை. பதவியை விற்ற அரசாங்கமும் அதைக் கேட்கவில்லை. அந்த விற்பனை ஒழிந்தது 1871இல், அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.