வேர்நுனியில் தொடங்கும் தீங்கு: மண்ணில் மிஞ்சும் கன உலோகங்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி (குலசேகரம்): பழைய ரப்பர்த் தோட்டத்தை வெட்டிவிட்டு வாழை வைத்தோம். உரமிட்டும் கன்றுகள் எழும்பவில்லை. இலையும் மஞ்சளாகவே நிற்கிறது. பல ஆண்டுகள் மருந்தடித்த மண் காரணமாகுமா, ஐயா?

பதில்: ஆகலாம்; ஆனால் இலையை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். மழைக்கால இலையுதிர்வு நோய்க்கு முன்காப்பாக ரப்பருக்குத் தாமிர மருந்து தெளிப்பது பழைய வழக்கம். தாமிரம் மண்ணில் மக்கிய இலைதழைகளோடு இறுகப் பிணைந்துகொள்வதால், மழையில் எளிதில் இறங்கிப் போகாமல், இளவேர் பரவும் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஒரு கன்றை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். நலமான வேரின் நுனி வெளுத்துக் கூர்மையாக இருக்கும். தாமிரம் மிஞ்சிய வேரில் நுனி பழுப்பேறித் தடித்திருக்கும்; பக்கவேர்கள் குட்டையாகவே நின்றுவிடும்; வேர்த்தூவிகள் அருகிவிடும். நுனியில்தான் உயிரணுக்கள் பிரிந்து பெருகுகின்றன, அதற்குச் சற்று மேலே அவை நீள்கின்றன. மிகுந்த தாமிரம் இவ்விரண்டையும் தடுத்து, உயிரணுவின் சுவரை உரிய காலத்துக்கு முன்பே மரக்கட்டைபோல் இறுகச் செய்துவிடுகிறது. இரும்புச்சத்தை எடுப்பதும் குறைவதால் இலை மஞ்சளாகிறது. வேரில் முடிச்சுகளோ கரும்புண்களோ தென்பட்டால் அது நூற்புழுவின் வேலையாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு.

கேள்வி (தக்கலை): சுண்ணாம்பு இட்டால் சரியாகிவிடுமா?

பதில்: உலோகம் மண்ணை விட்டுப் போகாது, ஆனால் கரைவது குறையும், வேருக்கு அதுவே பெரிய ஆறுதல். நம் குமரி மாவட்ட மேட்டுநிலச் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண். கார அமில நிலை 5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியமும் கரைந்து வந்து (அது கன உலோகம் அன்று) வேர்நுனியை இதே போலக் குட்டையாக்கும். ஆகவே மண்ணைப் பரிசோதித்த பின்பே சுண்ணாம்பின் அளவை முடிவு செய்யுங்கள். பரிசோதிக்காமல் விலையுயர்ந்த ஊட்டமருந்துகளை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (பூதப்பாண்டி): கும்பப்பூப் பருவ நெல்லில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் ஏறும் என்கிறார்களே?

பதில்: மண்ணில் காட்மியம் இருந்தால் மட்டுமே அந்தக் கவலை. நெல்வேர் அதை மாங்கனீசு என்று எண்ணி, மாங்கனீசு நுழையும் வழியாகவே உள்ளே விடுகிறது. தண்ணீர் நிற்கும் வயலில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். கதிர் முற்றும் பருவத்தில் வயலைக் காயவிட்டால் மீண்டும் கரையும். ஆர்செனிக்கின் போக்கு இதற்கு நேர்மாறு: நீர் நிற்க நிற்கத்தான் அது கரைகிறது.

கேள்வி (மணவாளக்குறிச்சி): எங்கள் கடற்கரைக் கருமணல் தென்னை வேரைக் கெடுக்குமா?

பதில்: கருமணலில் உள்ள இல்மனைட்டும் மோனசைட்டும் எடைமிக்க கனிமங்கள்தாம், ஆயினும் நீரில் எளிதில் கரைவதில்லை. கரையாத உலோகத்தை வேர் உறிஞ்சாது.

கேள்வி (நாகர்கோவில், கல்லூரி மாணவி): வேருக்குத் தற்காப்பே இல்லையா?

பதில்: உண்டு, அம்மா. ஈயத்தின் பெரும்பகுதியை உயிரணுவின் சுவரிலேயே பிடித்து வைக்கும். காட்மியத்தைப் பைட்டோகீலேட்டின் என்னும் சிறு புரதத்தொடரால் கட்டி, உயிரணுவின் நுண்குமிழுக்குள் அடைக்கும். செடிகளில் இந்தத் தொடர் இருப்பது பற்றிய கண்டுபிடிப்பு 1985-இல் வெளியானது. ஆனால் அந்தத் தொடரைச் செய்ய, உயிரணுவைக் காக்கும் குளூட்டாதயோன் என்னும் சேர்மம் செலவாவதால், வளர்ச்சிக்கு வேண்டிய வலிமை குறைகிறது. நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு குவளைகளில், அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி வெங்காயத்தை வையுங்கள். ஒன்றில் நல்ல நீர், மற்றதில் மயில்துத்தம் என்னும் தாமிர உப்பை மிகச் சிறிதளவு கரைத்த நீர். ஐந்தாம் நாள் வேர்களை அளவுகோலால் அளந்து, நுனி கொக்கிபோல் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.