மண்ணில் கழிந்த வருடங்கள்

அன்புள்ள ஐயா,

பத்து வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறேன். விஸ்கி விரும்பி. என்னுடன் வேலை செய்யும் மெக்சிகோ நண்பர், அவர்கள் நாட்டுக் கற்றாழை மதுவான டெக்கீலாவில் எக்ஸ்ட்ரா அன்யெஹோ என்ற வகை ஒன்றைப் பரிசளித்தார். மூன்று வருடம் பீப்பாயில் இருந்ததாம். வனிலா, கருக்கிய சர்க்கரை, பட்டை எல்லாம் மணத்தது; நல்ல விஸ்கியைப் போலவே இருந்தது. ஆனால் அவர் வீட்டு விருந்தில் எல்லோரும் குடித்தது நிறமே இல்லாத பிளாங்கோ டெக்கீலா. பன்னிரண்டு வருட விஸ்கிக்குப் பழகிய எனக்கு மூன்று வருடமே குறைவாகத் தெரிகிறது. அவர்களோ மரத்தில் வைக்காததைக் கொண்டாடுகிறார்கள். ஏன்? பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மாமாவுக்கு எதை வாங்கி வரலாம்? அவரும் விஸ்கிதான்.

க., ஹூஸ்டன்

அன்புள்ள க.,

பீப்பாயில் ஏறிய நாளிலிருந்து நீங்கள் வயதை எண்ணுகிறீர்கள். விஸ்கிக்கு அது சரி. பார்லி சில மாதப் பயிர். அதற்கு வயது கூடுவதெல்லாம் மரத்துக்குள்தான். டெக்கீலா தரும் நீலக் கற்றாழையோ வெட்டுப்படும் முன்பே ஆறேழு வருடம் வெயிலில் நின்றிருக்கிறது. நண்பர் வீட்டில் நீங்கள் பார்த்த அந்த பிளாங்கோவின் வயதை மண்ணிலிருந்து எண்ண வேண்டும்.

நம்மூர் ரயில்பாதை ஓரங்களில் நிற்கும் ஆனைக்கற்றாழை இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். (சோற்றுக்கற்றாழை வேறு இனம்.) அதன் நடுவிலிருந்து கம்பம் போல ஒரு தண்டு எழுந்து பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூங்கிலைப் போலவே ஒருமுறை பூத்ததும் பட்டுப்போகும் செடி. அந்த ஒரு பூப்புக்காக வருடக்கணக்கில் அது சேர்த்துவைக்கும் இனிப்புதான் டெக்கீலா ஆகிறது. பூந்தண்டு தலைகாட்டியதும் வெட்டிவிடுவார்கள்; சேர்த்தது செடிக்குள்ளேயே தங்கிவிடும்.

டெக்கீலா பிறக்கும் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஓர் அறுவடையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அறுப்பவரை ஹிமடோர் என்கிறார்கள். நீண்ட கம்பின் நுனியில் வட்டத் தகடு பொருத்திய கோவா என்ற கருவியால் மடல்களை ஒவ்வொன்றாகச் சீவித் தள்ளுகிறார். கடைசியில் ஒரு பெரிய அன்னாசிப்பழம் போலச் செடியின் நடுப்பகுதி மிஞ்சுகிறது. அதன் பெயரே பின்யா, அதாவது அன்னாசி. 30, 40 கிலோ இருக்கும். செங்கல் அடுப்பில் ஆவியில் வெந்து, பழுப்பேறி, பாகு சொட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டை எனக்கும் கொடுத்தார்கள். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கில் வெல்லப்பாகு ஊற்றியது போன்ற சுவை. அடியில் பச்சிலையின் லேசான கசப்பு. மென்று முடித்ததும் கரும்புச் சக்கை போல நார் வாயில் நின்றது. அன்று முதல் எந்த டெக்கீலாவைக் கையில் எடுத்தாலும் அந்தத் துண்டைத்தான் தேடுகிறேன்.

உங்கள் எக்ஸ்ட்ரா அன்யெஹோவில் அது கிடைத்ததா? நீங்கள் எழுதியிருக்கும் மணங்களில் பெரும்பகுதி ஓக் மரத்தினுடையது. பர்பன் விஸ்கியைப் புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் காலியாகும் பழைய பீப்பாய்கள் பல டெக்கீலாவுக்கு வருகின்றன. டெக்கீலா வகைகளில் ரெபொசாடோ என்றால் பீப்பாயில் குறைந்தது இரண்டு மாதம், அன்யெஹோ என்றால் ஒரு வருடம், எக்ஸ்ட்ரா அன்யெஹோ என்றால் மூன்று வருடம். இந்தக் கடைசி வகையே 2006இல்தான் விதிகளில் ஏறியது. ஸ்காட்லாந்தின் குளிரைவிட ஹலிஸ்கோவின் வெப்பத்தில் மரம் வேகமாக வேலை செய்கிறது. அங்கே மூன்று வருடம் குறைவே அல்ல. தவிர, கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை 1 சதவீதம் வரை சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. நிறத்தை வைத்து வயதை நம்பிவிடாதீர்கள்.

அன்யெஹோவை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. நல்ல அன்யெஹோவில் மரத்தைத் தாண்டிக் கற்றாழை வந்து நிற்கும். அப்படி ஒன்று அமைந்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் வருடம் கூடக் கூட விலையும் கூடி, கற்றாழை மட்டும் காணாமல் போவதைப் பலமுறை ருசித்திருக்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது.

கற்றாழையிலிருந்தே வடிக்கும் இன்னொரு மெக்சிகோ மதுவான மெஸ்கலில் அந்த வருத்தம் இன்னும் கூடுதல். மெக்சிகோவின் வஹாகா மலைகளில் காட்டுக் கற்றாழையான தெபெஸ்தாதே முதிர இருபது வருடம்கூட ஆகும். அதைக் குழியில் சுட்டு, வடித்து, அதன்மேல் ஓக்கின் வனிலாவைப் பூசுவதை என்னால் ஏற்கவே முடியாது. அங்கே காய்ச்சுபவர் ஒரு நாணல் குழலால் மெஸ்கலை உறிஞ்சி, காய் ஓட்டுக் கிண்ணத்தில் பீய்ச்சி, எழும் முத்துக் குமிழிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்த்தே வீரியத்தைச் சொல்லிவிடுகிறார். ஆறப்போட வேண்டுமென்றால் கண்ணாடிக் குடுவை போதும். குறைந்தது ஒரு வருடம் கண்ணாடியில் வைத்த மெஸ்கலுக்கு விதிகளிலேயே தனிப் பெயர் உண்டு. மரத்தின் மணம் ஏறாமலே காரம் தணிந்துவிடும்.

மாமாவுக்கு ஒரே வடிசாலையின் அன்யெஹோ ஒன்று, பிளாங்கோ ஒன்று வாங்குங்கள். இரண்டிலும் நூறு சதவீதம் கற்றாழை என்று எழுதியிருக்க வேண்டும். புட்டியில் நோம் (NOM) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண் வடிசாலையைக் குறிக்கும், அது இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். விஸ்கிக்காரருக்கு அன்யெஹோ பழகிய வாசல், அதிலிருந்தே தொடங்கட்டும். உப்பு, எலுமிச்சை, ஐஸ் எதுவும் வேண்டாம். வாய் குறுகிய கோப்பையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, சிறு மிடறாகக் குடிக்கச் சொல்லுங்கள். பிறகு பிளாங்கோவை ஊற்றிக் கொடுத்து, முதல் கோப்பையை மறுபடி கையில் கொடுங்கள். இந்தமுறை அவருக்கு என்ன மணந்தது என்று எனக்கு எழுதுங்கள்.