கொடி யாருடையது சேர்? சுதந்திர தினக் கேள்வி பதில்

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 நெருங்கினால் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்தவன். பென்ஷன் எடுத்த பிறகும் பிள்ளைகள் விடுவதில்லை. இந்த வருடம் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கொடியில் செம்மஞ்சள் நிறம் தமிழரைக் குறிக்கிறது என்று படித்தோம். அப்படியென்றால் அது ஏன் ஓரத்தில் இருக்கிறது சேர்? (மாணவி, ஹட்டன்)

நல்ல கேள்வி, மகள். பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. 1948இல் சுதந்திரம் கிடைத்தபோது ஏற்றிய சிங்கக் கொடியில் அந்த இரண்டு பட்டிகளும் இல்லை. எல்லா மக்களுக்கும் பொதுவான கொடி வேண்டும் என்று பேச்சு எழ, ஒரு குழு போட்டார்கள். பட்டிகள் சேர்ந்த கொடியை 1951இல் ஏற்றுக்கொண்டார்கள். நீ கேட்டதை அன்றைக்கே கேட்டவர் ஒருவர் உண்டு. குழுவிலிருந்த செனட்டர் நடேசன் அந்த வடிவத்துக்குச் சம்மதிக்காமல் தன் மறுப்பைத் தனியாக எழுதிக் கொடுத்தார். மூலைகளில் உள்ள நான்கு அரசமர இலைகள் 1972இல் வந்தவை. அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது, சமநிலை என்ற நான்கு பௌத்த குணங்களைச் சொல்பவை.

சிங்கத்தின் கதையையும் கேள். அது கண்டி ராஜாவின் கொடியில் இருந்த சிங்கம். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அரியணை ஏறுவதற்கு முன் அவர் பெயர் கண்ணுசாமி, தென்னிந்திய நாயக்கர் வம்சம். 1815இல் வெள்ளைக்காரன் அவரைப் பிடித்தான், வேலூருக்கு அனுப்பினான். 1832இல் அங்கேயே இறந்தார். அவருடைய கொடியும் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ராஜா இங்கிருந்து அங்கே போன சில வருடங்களில்தான் நம் மலையக ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். சிங்கத்தைக் காட்டி உன்னை யாராவது அந்நியர் என்றால் இந்தக் கதையைச் சொல்.

அரச இலச்சினையில் நெல் இருக்கிறது. தேயிலை ஏன் இல்லை? (நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பி)

இப்போதுள்ள இலச்சினை 1972இல் வந்தது. நடுவில் வாள் ஏந்திய சிங்கம், சுற்றிலும் தாமரை இதழ், பூரண கும்பத்திலிருந்து கிளம்பும் நெற்கதிர், மேலே தர்மச் சக்கரம், கீழே சூரிய சந்திரர். எல்லாம் பழைய இராசதானிக் காலத்து அடையாளங்கள். தேயிலைக்கு இங்கே வயது குறைவு, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டது 1867இல்தானே. ஆனாலும் தம்பி, கடையில் தேயிலைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தேயிலைச் சபையின் சிங்கம் அதிலும் வாளோடு நிற்கும். முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இங்கேயே பொதி செய்திருந்தால்தான் அந்தச் சிங்கத்தைப் போட அனுமதி. உலகத்தில் பல பேர் நம் நாட்டுச் சிங்கத்தைப் பார்ப்பது கொடியில் அல்ல, கொழுந்து பறித்த கையின் சம்பளக் கணக்கில் சேராத அந்தப் பெட்டியில்தான். (சம்பளத்தைப் பற்றித் தொடங்கினால் இன்றைக்கு முடியாது, விடுகிறேன்.)

தேசிய கீதத்தைத் தமிழில் பாடினால் பிழை என்று ஒருவர் சொன்னார். உண்மையா? (தாய், தலவாக்கலை)

பிழை இல்லை தங்கச்சி. ஆனந்த சமரக்கோன் எழுதி இசையமைத்த பாடல் அது. அவர் சாந்திநிகேதனில் படித்தவர். அதைத் தமிழாக்கியவர் பண்டிதர் மு. நல்லதம்பி. மெட்டு ஒன்றுதான். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே 'ஸ்ரீ லங்கா தாயே' என்று தொடங்கும் தமிழ்ப் பாடல் இருக்கிறது. 2016இல் கொழும்பில் நடந்த சுதந்திர தின விழாவிலும் தமிழில் பாடினார்கள். உங்கள் பிள்ளை அர்த்தம் புரிந்து பாடட்டும். சிங்களத்திலும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

என் தாத்தாவை 'நாடற்றவர்' என்று எழுதிவைத்த நாடு இது. இதற்கு நான் ஏன் கொடி பிடிக்க வேண்டும்? (பண்டாரவளை, வேலை தேடும் இளைஞர்)

இந்தக் கேள்வியைக் கண்டு நான் கோபப்படவில்லை, தம்பி. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. அடுத்த வருடம் சுதந்திரம், அதே வருடம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம், அதற்கடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று மூட்டை பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏற, தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) ஏறும் நாளில் ஸ்டேஷனே ஒப்பாரி வைத்ததை நான் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா ஏறினார், என் அம்மா ஏறவில்லை. எஞ்சியவர்களின் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை ஆனது.

இதெல்லாம் தெரிந்தும் நான் கொடி ஏற்றுகிறேன். ஏன் என்றால், வீடு ஒழுகுகிறது என்று சத்தம் போடுவது வீட்டுக்காரன்தான். விருந்தாளி குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவான். காணி கேட்பதும், லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, முகவரி கேட்பதும், 1948ஐ மறக்காமல் பேசுவதும் என் கணக்கில் தேசப்பற்றுதான். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்களே, முன்னோர் காட்டு வழியே நடந்து வந்து வழியிலேயே செத்த அந்தப் பாதையில். ஆயிரம் பேச்சுப் போட்டிகளைவிட அது எனக்குப் பெரிது. கொடி பிடிக்க மனம் வரவில்லையென்றால் பிடிக்காதீர்கள். உங்கள் தாத்தாவின் பத்திரங்களை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

மாமா மேட்ச் பார்க்கும்போது இந்தியாவுக்குக் கை தட்டுகிறார். அது துரோகமா? (மஸ்கெலியா, தரம் 8)

இல்லை ராஜா, அது கிரிக்கெட். டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முரளிதரன் கண்டிக்காரர், அவருடைய தாத்தா தோட்ட வேலைக்கு வந்தவர் என்று மாமாவிடம் சொல்லிப் பார்.

தேசியப் பூ, மரம், பறவை? பேச்சுப் போட்டிக்கு வேண்டும். (இரண்டு மூன்று பேர்)

நீலோற்பலம், நாகமரம், இலங்கைக் காட்டுக்கோழி. விளையாட்டு கரப்பந்தாட்டம். இதில் கிரிக்கெட் என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் ஏராளம். காட்டுக்கோழியை ஹோர்ட்டன் சமவெளியில் விடியற்காலை போனால் நேரில் பார்க்கலாம்.

போன வருடம் எங்கள் டிவிஷனில் கொடியைத் தலைகீழாக ஏற்றிவிட்டோம். சரியாகக் கட்டுவது எப்படி? (இளைஞர் கழகம், பொகவந்தலாவை)

பட்டிகள் இருக்கும் பக்கம் கம்பத்தோடு சேர வேண்டும், பச்சை முதலில், அப்புறம் செம்மஞ்சள். சிங்கம் கம்பத்தைப் பார்த்து நிற்கும், வாள் முனை மேலே. இரவே ஒரு தடவை கட்டிப் பாருங்கள். காலையில் பனி இறங்கினால் அங்கே சிங்கமும் தெரியாது, கயிறும் தெரியாது.