யாழ்ப்பாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அப்பாவின் கனேடியக் குடியுரிமையையும் எப்படிப் பதிவது?

தங்கச்சி, உங்கள் கணவர் கனேடியக் குடிமகன், நீங்கள் இலங்கைக் குடியுரிமையோடு இங்கே இருக்கிறீர்கள், அடுத்த மாதம் பிரசவம், இரட்டைக் குடியுரிமைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு நிலைமையும் இதேதான். மூன்று வருடத்துக்கு முன்பு என் மகளுக்கு இதையெல்லாம் செய்தேன்.

முதலில் மனதை ஆறுதலாக வைத்திருங்கள். பிள்ளைக்கு நீங்கள் எந்தக் குடியுரிமையையும் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே இரண்டும் இருக்கும். இலங்கையில் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் குடிமகளாக இருந்தாலே போதும்; அதற்கு முன்பு தகப்பனைத்தான் பார்த்தார்கள். கனடாவில், பிள்ளை பிறக்கும் நாளில் தகப்பன் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் குடிமகள்தான். அன்றைக்கு அவரிடம் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) மட்டும்தான் இருந்தது என்றால் கதை வேறு. பத்தரமுல்லை குடிவரவுத் திணைக்களத்தில் கொடுக்கிற இரட்டைக் குடியுரிமை விண்ணப்பம் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த பெரியவர்களுக்கானது. அதைத் தேடி அலையாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, இருக்கிற குடியுரிமைக்குச் சான்று எடுப்பது. கனடாவிடம் குடியுரிமைச் சான்றிதழ் கேட்க வேண்டும். கட்டணம் 75 கனேடிய டொலர். அது வந்த பிறகுதான் கனேடியக் கடவுச்சீட்டு. உங்களைக் கணவர் ஸ்பொன்சர் செய்கிற படிவத்தில் பிள்ளைக்கும் பிஆர் கேட்டு விடாதீர்கள். ஊரில் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னை அப்படிக் கேட்கத்தான் சொன்னார்கள். குடிமகளுக்கு எதற்கு பிஆர்?

இனி நான் அழுத்திச் சொல்ல வருவது பெயர். இந்த வேலை முழுக்கப் பெயரின் எழுத்தில்தான் நிற்கிறது. பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்குப் போவதற்கு முன்பே கணவரின் கனேடியக் கடவுச்சீட்டுப் பிரதி, அவருடைய பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள். நம் ஆட்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும், சில இடத்தில் முதலெழுத்தாகச் சுருங்கும், கனடா போனதும் அதுவே குடும்பப் பெயராகிவிடும். பதிவாளர் எழுதுவதற்கு முன் தகப்பனின் முழுப்பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளையின் குடும்பப் பெயர் கணவரின் சொந்தப் பெயரா, மாமாவின் (அவருடைய அப்பாவின்) பெயரா என்பதையும் பிரசவத்துக்கு முன்பே இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள்.

நான் பட்டது மொழிபெயர்ப்பில். பிறப்புச் சான்றிதழ் தமிழில் சரியாகவே இருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஆக்கும்போது, கணவரின் பெயரில் ‘த’ வருகிற இடத்தில் T மட்டும் போட்டு, H எழுத்தை விட்டுவிட்டார். கடவுச்சீட்டில் H இருக்கிறது. ஒரே ஒரு எழுத்து. விண்ணப்பத்தை அனுப்பி நாலு மாதம் கழித்து, இந்தத் தகப்பனும் அந்தக் குடிமகனும் ஒரே ஆள்தானா என்று விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. திரும்ப மொழிபெயர்ப்பு, கணவர் அங்கே ஒரு சத்தியக்கடதாசி, நான் இங்கே ஒரு சத்தியக்கடதாசி. பிள்ளை தவழ்ந்து, நடக்கத் தொடங்கின பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது. அந்த முதல் நடையை அவர் வீடியோவில்தான் பார்த்தார். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், மொழிபெயர்ப்பைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று, கடவுச்சீட்டுப் பிரதியோடு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போதே அந்தப் பிரதியைக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

படமும் கவனம். நம் ஸ்டூடியோக்களில் வழக்கமாக எடுக்கிற அளவு சரிவராது. கனடாவுக்கு 50க்கு 70 மில்லிமீற்றர். பின்பக்கம் ஸ்டூடியோவின் பெயர், முகவரி, எடுத்த திகதி இருக்க வேண்டும். என் மகளுக்கு அப்போது இரண்டு மாதம். கட்டிலில் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தி, அம்மா தலைமாட்டில் நின்று கிலுக்கை ஆட்ட, கண் திறக்கிற நேரம் பார்த்துத் தம்பி ஒருவர் மேலிருந்து எடுத்தார். காலையில் பால் குடித்துத் தூங்கி எழுந்த கையோடு கொண்டு போங்கள்.

கணவரிடம் கேட்க வேண்டியது அவருடைய குடியுரிமை அட்டை. 2012 பெப்ரவரிக்குப் பிறகு குடியுரிமை எடுத்தவர் என்றால் அட்டை இராது, தாளில் சான்றிதழ்தான்.

பிள்ளைக்கு இலங்கைக் கடவுச்சீட்டும் எடுத்து வையுங்கள். இரண்டு பெற்றோரின் சம்மதமும் வேண்டும், கணவரின் கடிதத்தை இப்போதே கேட்டு வையுங்கள். நான் இதற்காகக் கைப்பிள்ளையோடு வவுனியாவுக்கு பஸ்ஸில் போய் வந்தேன். 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) கடவுச்சீட்டு அலுவலகம் இருப்பதால் உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.

அப்புறம், பிறகு வரப்போகிற இரண்டு விஷயம். இலங்கைச் சட்டப்படி இப்படி இரண்டு குடியுரிமையோடு பிறந்த பிள்ளை 22 வயது தாண்டினால், தக்கவைக்க விண்ணப்பிக்காவிட்டால், இலங்கைக் குடியுரிமை போய்விடும். கனடாப் பக்கம், 2025 டிசம்பர் 15இல் வந்த சட்டப்படி, உங்கள் பிள்ளைக்கு நாளை கனடாவுக்கு வெளியே ஒரு பிள்ளை பிறந்து அதற்கும் குடியுரிமை போக வேண்டும் என்றால், உங்கள் பிள்ளை அதற்கு முன்பு 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அதனால் உங்கள் பிள்ளை அங்கே போகும் நாள், வரும் நாள் எல்லாம் தெரிகிற பழைய கடவுச்சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் மகளுடையதை அவளுடைய தடுப்பூசி அட்டையோடு ஒரே கோப்பில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.